கடலை ஆசானாக்கிய கேர்ட் ஹான்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பல நீர்மூழ்கிகளுக்கு இரையாகின. உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த மாலுமிகளைப் பற்றி ஒரு விந்தையான செய்தி கப்பற்காரரிடையே பேசப்பட்டது. உடல் வலிமை மிக்க இளைஞர் சோர்ந்து மடிந்தனர். வயது முதிர்ந்தவரோ பசியையும் குளிரையும் தாங்கிக் கரை சேர்ந்தனர். இளைஞரிடம் இல்லாதது வலிமையன்று, தன்மேல் வைக்கும் நம்பிக்கையே என்று கண்டவர்களுள் ஒருவர் கேர்ட் ஹான். கல்வியுலகில் நிலைத்த பெயர் பெற்ற இப்பெரியார் கடலோடியல்லர். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

ஹான் 1886ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் பேர்லின் நகரிலே செல்வம் மிக்க ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் விளையாட்டிலும் மலையேற்றத்திலும் ஆர்வம் மிக்கவராயிருந்த அவரை 1904இல் கடும் வெயில் தாக்கியது. அதன் விளைவாக வெப்பத்தையும் ஒளியையும் தாங்கவியலாத உடல்நிலை அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. நெடுங்காலம் இருண்ட அறையில் அடைபட்டுக் கிடந்தார். பிற்காலத்தில் ஆயிரமாயிரம் சிறுவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றவர், தாம் வெயிலுக்கு அஞ்சி வாழ நேர்ந்தவர் என்பது எண்ணத்தக்கது. ஒக்ஸ்போர்ட்டிலும் ஜேர்மன் பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். பிளேட்டோவின் கல்விக் கொள்கை அவர் உள்ளத்திலே ஆழப் பதிந்தது.

முதலாம் உலகப் போரின் முடிவில், ஜேர்மன் பேரரசின் இறுதிக்கால அரசமைச்சராகிய பாடன் இளவரசர் மக்ஸுக்கு ஹான் செயலாளராக விளங்கினார். தோல்வியுற்று மனமுடைந்த நாட்டுக்குப் புதிய தலைமுறையொன்று வேண்டுமென இருவரும் கருதினர். 1920இல் இளவரசரின் சாலெம் மாளிகையிலேயே பாடசாலை ஒன்று எழுந்தது. பாடநூலோடு ஓட்டமும் தாண்டலும், கைத்தொழிலும், அயலவர்க்குச் செய்யும் தொண்டும் அங்கே சமமாக மதிக்கப்பட்டன.

ஹானின் உறுதிக்கு உரைகல்லாக வந்தது 1932ஆம் ஆண்டு. பொட்டெம்பா என்னும் சிற்றூரிலே நாஜிக் குண்டர் தொழிலாளி ஒருவனை அவன் தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். மரணதண்டனை பெற்ற கொலைஞருக்கு ஹிட்லர் ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினார். உடனே ஹான், சாலெமின் பழைய மாணவர் அனைவருக்கும் மடல் வரைந்தார்: ஹிட்லரைத் துறத்தல் வேண்டும், அன்றேல் சாலெமைத் துறத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. நடுவழி ஒன்றை அவர் காட்டவில்லை. 1933 மார்ச் மாதத்தில் அவர் சிறைப்பட்டார். பிரித்தானிய நண்பரின் முயற்சியால் விடுதலை பெற்று, அவ்வாண்டே பிறந்த நாட்டை விட்டு வெளியேறினார்.

அந்நிய மண்ணில் வெறுங்கையோடு நின்றவர் மனந்தளரவில்லை. 1934இல் ஸ்கொத்லாந்தின் வடகரையிலே கோர்டன்ஸ்டன் பாடசாலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் எடின்பரோக் கோமகனாகிய பிலிப் அதன் தொடக்ககால மாணாக்கருள் ஒருவர். அங்கே மாணவர் கரையோரக் காவலில் நின்றனர், படகு செலுத்தினர், ஆபத்துற்றோரைக் காக்கப் பயின்றனர்.

போர் மூண்டதும் இராணுவம் அக்கட்டடங்களை எடுத்துக்கொள்ள, பாடசாலை வேல்ஸ் நாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஹானும், கப்பல் நிறுவனம் ஒன்றின் தலைவராகிய லோறன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து 1941இல் அபர்டோவி என்னும் கடற்கரையூரில் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினர். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயரை அதற்கு இட்டவர் ஹோல்ட்.

அங்கு வந்த சிறுவர் ஒரே வகுப்பினர் அல்லர். கப்பற் பயிலுநரும் தொழிற்சாலைச் சிறுவரும் உயர்தரப் பாடசாலை மாணவரும் ஏறக்குறைய ஒரு மாத காலம் ஒரே கூரையின் கீழ் உறைந்தனர். விடியலில் ஓட்டம், பின்னர் குளிர்நீர்க் குளிப்பு, அதன்பின் தங்குமிடத்தைத் தாமே துப்புரவாக்கும் பணி. பகலில் ஆற்றுமுகத்திலே துடுப்பு வலிப்பதும் பாய் விரிப்பதும் கயிறு முடிவதும் முதலுதவி பழகுவதுமாக நேரம் கழிந்தது. புகையும் மதுவும் தொடுவதில்லையென வாக்களித்தனர். அதைக் காப்பது அவரவர் நாணயத்தைப் பொறுத்தது. ஓட்டத்திலும் தாண்டலிலும் ஒருவன் மற்றவனை வெல்வது பெரிதன்று. நேற்றைய தன்னையே வெல்வது பெரிது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு சிறு குழுவாக மலைகளைக் கடக்கையில், கால் நொந்து பின்தங்கியவனை விட்டுச் செல்ல முடியாது. அவன் சுமையைப் பகிர்ந்தவனே அன்று தலைவன். இவர்களையெல்லாம் மாலுமிகளாக்குவது ஹானின் நோக்கமன்று. கடல் இங்கே ஆசான். கற்ற பாடமோ கரையில் வாழும் வாழ்வுக்குரியது.

போரின் தேவையால் பிறந்த இம்முயற்சி போரோடு முடியவில்லை. 1950இல் எஸ்க்டேலில் மலைப்பயிற்சிப் பள்ளியும், 1954இல் மலாயாவின் லூமுட் கரையில் மற்றொரு பயிற்சிக்கூடமும் எழுந்தன. 1956இல் தொடங்கிய எடின்பரோக் கோமகன் விருதுத் திட்டத்துக்கும் ஹானின் எண்ணமே வித்து. 1962இல் பல நாட்டு இளைஞர் கூடிப் பயிலும் அட்லாண்டிக் கல்லூரி வேல்ஸில் திறக்கப்பட்டது. போரில் எதிரெதிர் நின்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே படகில் துடுப்பு வலித்தால் பகை தேயும் என்பது அவர் நம்பிக்கை.

குறை கூறினோரும் உளர். கடுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்தாகாது. மென்மையான உள்ளத்தவர்க்கு அதுவே காயமாவதுண்டு. கோர்டன்ஸ்டனில் பயின்ற அந்நாளைய இளவரசர் சாள்ஸுக்கு அவ்வாழ்வு இனிக்கவில்லை என்பதை உலகறியும். இக்குறையை மறைத்து ஹானைப் போற்றுதல் நேர்மையாகாது. எனினும் அவர் நாடியது உடலை வாட்டுவதன்று. துன்புறும் பிறனைக் கண்டவிடத்து ஓடிச்சென்று கைகொடுக்கும் நெஞ்சமே அவர் விரும்பிய பயன். அந்நெஞ்சம் இல்லாத வலிமையின் கோரத்தை அவர் 1932இல் தம் சொந்த நாட்டிலேயே கண்டிருந்தார்.

முதுமையில் ஜேர்மனிக்கு மீண்ட ஹான், 1974 டிசம்பர் 14ஆம் நாள் சாலெமுக்கு அண்மையில் காலமானார். தம்மை விரட்டிய மண்ணிலேயே அவர் துயில்கின்றார். பரீட்சைப் புள்ளிகளால் மட்டும் மாணவனை அளக்கும் ஆசிரியர் எவருக்கும் அவர் வாழ்வு ஒரு வினாவை விட்டுச் சென்றுள்ளது: புயல் வரும் நாளில், நாம் கற்பித்தவன் தன் படகில் இருப்பவரைக் கரை சேர்ப்பானா?