பிரிச்சுப் பார்த்த மேதை ஜி.டி. நாயுடு

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியிலேயே நின்னுட்டார். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் அவர் மனசைப் பிடிச்சுக்கிச்சு. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த பாலிடெக்னிக்!

1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சி – பழனி ரூட், அவரே டிரைவர். அதுவே யூ.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தார். தொழிற்கல்விக்கு நாலு வருஷம் வீண் என்று வாதாடினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

அவர் சொன்னது சரியா? பழைய காரைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து கார்புரேட்டர் வரை கம்பிகளும் லீவர்களும் போகும். வருஷக்கணக்கில் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவமாகும். மிதித்தால் முதலில் ஆட்டம், அப்புறம்தான் வேகம். புதுப் பின் மட்டும் போட்டால் தீராது. ஓட்டையை வட்டமாகத் துளைத்து, பித்தளை புஷ் அடித்து, அதற்கேற்ற பின் போடணும். ரிட்டர்ன் ஸ்பிரிங் இழுக்குதா என்றும் பார்க்கணும். தேய்மானம் எங்கே என்பது பிரிச்சுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நான் திருவெண்ணெய்நல்லூர்க்காரன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். சர்டிபிகேட் வந்தா போதும்னு அப்பா நம்புறார். ஸ்பேனர் பிடிக்காத கைக்கு சர்டிபிகேட் மட்டும் சோறு போடுமா? ஒர்க்ஷாப் பீரியடைக் கட் அடிக்கும் நண்பா, யோசி!