ஏழாயிரம் ஜாயிண்ட்

நான் கேபிள் இணைக்கும் வேலை செய்கிறவன். நம் ரோட்டுக்கு அடியில் ஓடும் 11,000 வோல்ட் கேபிளில் ஒரு ஜாயிண்ட் போட்டு முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அதனால்தான் செபாஸ்டியன் ஃபெராண்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1864-ல் லிவர்பூலில் பிறந்தவர். இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயதிலேயே லண்டன் குரோவ்னர் கேலரி மின்நிலையத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஊருக்கு நடுவே நிலையம் வைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. சில மைல் தள்ளி, தேம்ஸ் நதிக்கரை டெட்ஃபோர்டில் பெரிதாக ஒன்று கட்டி, 10,000 வோல்ட்டில் அனுப்புவோம் என்றார். அதுவரை அங்கே ஓடியது 2,400 வோல்ட். அழுத்தத்தை நாலு மடங்கு ஏற்றினால் கரண்ட் கால் பங்காகும். அதே கம்பியில் விரயம் பதினாறில் ஒரு பங்குதான். கணக்கு சரி. ஆனால் அதைத் தாங்கும் கேபிள் எங்கே?

அவரே செய்தார். ஒரு செம்புக் குழாய், அதன்மேல் மெழுகில் ஊறிய காகிதம் சுற்றி, வெளியே இன்னொரு செம்புக் குழாய். மறுபடி காகிதம், கடைசியில் இரும்பு உறை. வெறும் காகிதம்தாங்க! வளைக்க முடியாது, ஒவ்வொரு துண்டும் 20 அடிதான். ஒரு முனையைக் கூம்பாகச் சீவி, மற்றதில் அதற்கேற்ற குழிவு கடைந்து, அழுத்திச் சேர்த்தார்கள். 28 மைலுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாயிண்ட். சும்மாவா?

அதிகாரிகளுக்குப் பயம். யாராவது தோண்டும்போது குத்திவிட்டால்? கரண்ட் ஓடும் கேபிளின்மேல் ஓர் உதவியாளர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சுத்தியலால் அடித்தார். உளி உள்குழாய்வரை இறங்கியது. பிடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிக்குழாய் மண்ணோடு இணைந்திருந்ததால் கரண்ட் ஆள்வழி போகாமல் அதன்வழியே திரும்பிவிட்டது. தைரியம் என்கிறார்கள், நான் அதைக் கணக்கு என்பேன். ஆனாலும் உளி பிடித்தவர் மனசு எப்படி இருந்திருக்கும்!

1890 நவம்பரில் குரோவ்னர் நிலையம் தீப்பிடித்து எரிந்தது. மாதக்கணக்கில் விநியோகம் தடைபட்டது, வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். மறு ஆண்டே ஃபெராண்டி வெளியேற வேண்டியதாயிற்று. வயது 27. பிறகு சொந்தத் தொழிற்சாலை, மின்பொறியாளர் சங்கத் தலைவர் பதவி எல்லாம் வந்தன.

1930-ல் சூரிச்சில் காலமானார். அவர் போட்ட காகிதக் கேபிளில் ஒரு பகுதி 1933 வரை கரண்ட் கடத்திக்கொண்டுதான் இருந்தது.