ராமானுஜனும் ஒரு பெரிய எண்ணும்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தெய்வ அருளைச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அருளை மறுக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் அவருடைய உழைப்பை மறத்தல் தகாது என்பதே நமது அபிப்பிராயம்.

1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் ஜனித்துக் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், கணிதமொன்றிலேயே மனத்தைச் செலுத்தி ஏனைய பாடங்களில் தவறியமையால், கலாசாலை உபகாரச் சம்பளத்தை இழந்தார். காகிதத்துக்குப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்துக் கணக்கிட்டார். 1912-ல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாய் அமர்ந்தார். மறு வருஷம் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அவர் வரைந்த கடிதம் அவரது வாழ்வை மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

1915-ல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை எண்களின் ஒரு விசேஷ குணத்தைப் பற்றியது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். அறுபதை மீதமின்றி வகுக்கும் எண்கள் 12. அறுபதுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தமக்குக் கீழுள்ள யாவற்றையும் வெல்லும் எண்களை ராமானுஜன் தேடிச் சென்றார். அவற்றைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2 வரும் தடவைக்கு மேல் 3 வாராது. 3 வரும் தடவைக்கு மேல் 5 வாராது என்பன போன்ற நியதிகளை நிறுவினார். நூறுக்கு மேற்பட்ட அத்தகைய எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணையாக்கினார். அதன் இறுதி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு வகுஎண்கள் 10,080!

இப்பணிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டமளித்தது. யுத்தகாலப் பணமுடையால் அச்சேறாது நின்ற மீதிப் பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருந்ததைப் பின்வந்தோர் கண்டனர். அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதையே 23-ஆல் பெருக்கினால் அவரது இறுதி எண் கிடைக்கிறது! இதனால் அவர் பெருமை அணுவளவும் குறையவில்லை. கனவில் கிடைத்த ஜாபிதா அன்று அது. கண் விழித்து, கை சோர்ந்து ஆக்கியது என்பதற்கு இத்தவறே சாட்சி.

1918-ல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகி, நோயுற்று மறு வருஷம் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் வேப்பனப்பள்ளி போன்ற எல்லைப்புற ஊர்களில், எண் ஒன்றே மூன்று பாஷைக்கும் பொதுச் சொத்து. அங்குள்ள ஒரு சிறுவனிடம் கணிதம் வரப்பிரசாதம் என்று மட்டும் கூறுவோமாயின், அவன் வரத்தை எதிர்பார்த்து வாளாவிருப்பான். ராமானுஜனின் சிலேட்டையும், அவர் தவறவிட்ட எண்ணையும் சேர்த்துச் சொல்வோமாக. அவன் தானும் எழுதிப் பார்க்கத் துணிவான்.