பார்வையாளரை மேடைக்கு அழைத்த மாயாஜாலப் பேரரசர்: பி.சி. சர்க்காரின் வாழ்க்கைப் பயணம்

கொல்கத்தா: தன் கண்களைப் பார்வையாளர்களின் கைகளாலேயே கட்டச் செய்து, அவர்களையே சாட்சிகளாக நிறுத்தி வியக்க வைத்தவர் பி.சி. சர்க்கார். தெருவோர வித்தையாகக் கருதப்பட்ட இந்திய மாயாஜாலத்தை உலகின் பெரிய அரங்குகளுக்குக் கொண்டு சென்ற பெருமை அவருக்கு உண்டு.

புரோதுல் சந்திர சர்க்கார் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1913 பிப்ரவரி 23 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள டாங்கைல் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். புகழ்பெற்ற மாயாஜாலக் கலைஞர் கணபதி சக்ரவர்த்தியிடம் கலையைக் கற்றார். மந்திரவாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் வகையில் தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிக் கொண்டார். மேலை நாட்டுக் கோட்டுக்குப் பதிலாக ஷெர்வானியும் இறகு சூடிய தலைப்பாகையும் அணிந்து, மகாராஜாவைப் போல மேடையேறினார்.

சிரிப்பும் சாட்சியும்

அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்று, எக்ஸ்ரே கண்கள். மேடைக்கு வரும் பார்வையாளர்கள் அவர் கண்களின் மேல் பிசைந்த மாவை அப்பி, துணியால் இறுகக் கட்டுவர். பின்னர் கரும்பலகையில் தாம் விரும்பியதை எழுதுவர். கண்கள் மூடிய நிலையிலும் சர்க்கார் அதைப் படித்துக் காட்டுவார். சோதிக்க வந்தவர்களே திகைத்து நிற்பதைக் கண்டு அரங்கம் ஆரவாரிக்கும்.

அரசியல் தலைவர்களும் அவரது விளையாட்டுக்குத் தப்பவில்லை. வங்க மாகாண அரசின் தலைவராக இருந்த ஏ.கே. பஸ்லுல் ஹக்கை ஒரு தாளில் எழுதச் சொல்லி, உடனிருந்த அமைச்சர்களிடம் கையொப்பம் பெற்றாராம். தாளைப் படித்தபோது, அமைச்சரவை பதவி விலகுவதாகவும் ஆட்சிப் பொறுப்பைச் சர்க்கார் ஏற்பதாகவும் அதில் இருந்ததாம். அவரது தொடக்கக் காலப் புகழுக்குக் காரணமாக இச்சம்பவம் இன்றும் சொல்லப்படுகிறது.

பதறிய பிரிட்டன்

1956 ஏப்ரல் 9 அன்று, பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் சர்க்கார் தோன்றினார். மேசை மீது கிடத்தப்பட்ட பெண் உதவியாளரை வட்ட ரம்பத்தால் இரண்டாக அறுப்பது போன்ற காட்சி அது. அறுத்து முடித்ததும் அவரை எழுப்ப முயன்றார், அசைவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். உடனே தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கிட்டு நிகழ்ச்சியை நிறைவு செய்தார்.

அரங்கில் என்றால் உதவியாளர் எழுந்து வணங்குவதைப் பார்வையாளர்கள் நேரில் கண்டிருப்பர். வீட்டிலிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொலை நடந்துவிட்டதோ என அஞ்சிய மக்களின் அழைப்புகளால் பிபிசி தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. அப்பெண் நலமாக இருப்பதாக நிறுவனம் விளக்கமளிக்க நேர்ந்தது. நேரம் முடிந்ததால் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டதாகக் கூறப்பட்டது. ஆயினும் நேரக் கணக்கில் கண்டிப்பான சர்க்கார் அதைத் திட்டமிட்டே செய்திருப்பார் என்று கருதுவோர் பலர். மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இடம்பிடித்தார். லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் அவரது காட்சிகளுக்கான சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

மேடையே வாழ்வாக

1964-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1970 டிசம்பரில், பயணம் வேண்டாம் என்ற மருத்துவ அறிவுரையை மீறி ஜப்பான் சென்றார். 1971 ஜனவரி 6 அன்று, ஹொக்கைடோ தீவில் நிகழ்ச்சி நடத்திய பின் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

தந்தை விட்டுச் சென்ற 'இந்திரஜால்' நிகழ்ச்சியை மகன் பி.சி. சர்க்கார் ஜூனியர் ஏற்று நடத்தினார். 2010-ல் அஞ்சல் துறை சர்க்காரின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. சந்தேகப்படுபவரை ஒதுக்காமல் மேடைக்கே அழைத்துச் சோதிக்கச் சொன்ன துணிவே, அவர் கலைக்குக் கிடைத்த நம்பிக்கையின் அடித்தளமாக இருந்தது.