கால் மணி நேரத்தில் கட்டுடல்... தபாலில் ஃபிட்னெஸ் விற்ற சார்லஸ் அட்லஸ்!

ராத்திரி பதினோரு மணி. படுக்கையில் சாய்ந்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வீடியோ வருகிறது. இடப்பக்கம் தொப்பையோடு ஒருவர், வலப்பக்கம் அதே நபர் சிக்ஸ்பேக்கோடு. ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், தினமும் கால் மணி நேரம் போதுமாம். பணம் கட்டினால் முழு கோர்ஸும் கிடைக்குமாம். அடுத்த வீடியோவில் இன்னொருத்தர், வெயிட் தூக்காமல் உடம்பு வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். கீழே கமென்ட்டில் ரெண்டு கோஷ்டியும் கட்டிப் புரள்கின்றன. யாரை நம்புவது?

இந்தக் குழப்பம் இன்டர்நெட் வந்த பிறகு வந்தது என்று நினைத்தால், அதுதான் இல்லை. இதே வாக்குறுதி, இதே 'அப்போ - இப்போ' கதை, இதே சண்டை எல்லாம் 1930-களிலேயே அமெரிக்காவில் நடந்து முடிந்துவிட்டன. அன்றைக்கு வீடியோவுக்குப் பதில் பத்திரிகை விளம்பரம், லிங்க்குக்குப் பதில் தபால் கூப்பன். அதன் நாயகன் பெயர் சார்லஸ் அட்லஸ். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் தெரிந்துவிடும்.

நோஞ்சான் பையன்

அட்லஸின் நிஜப் பெயர் ஏஞ்சலோ சிசிலியானோ. 1892-ம் ஆண்டு தெற்கு இத்தாலியில் உள்ள அக்ரி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கப்பலேறி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு வந்து சேர்ந்தார். ஊரும் புதுசு, பாஷையும் புதுசு, உடம்போ ஒல்லிக்குச்சி. தெருப் பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? அடி வாங்குவது அவருக்குப் பழகிப்போனது.

பதின்ம வயதில் கோனி ஐலேண்ட் கடற்கரைக்குப் போயிருந்தபோது, கட்டுமஸ்தான ஒருவன் அவர் முகத்தில் மணலை உதைத்துத் தள்ளினான் என்பது அவர் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்ன கதை. கூட ஒரு பெண் இருந்தாள், அவள் முன்னாலேயே அவமானப்பட்டுத் தலைகுனிந்து வந்தார் என்று கதை போகும். சொல்லும்போதெல்லாம் விவரங்கள் கொஞ்சம் மாறும். ஆனால், அவமானம் மட்டும் மாறாது. அதுதான் அவர் வாழ்க்கையின் மூலதனம்.

அந்தக் காலத்தின் பெரிய பயில்வான் யூஜின் சாண்டோ. நம்ம தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒரு சாண்டோ இருக்கிறதே, அதற்கு மூலமே இந்த ஆள்தான். சாண்டோவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, பத்திரிகைகளில் வந்த உடற்பயிற்சிகளை எல்லாம் செய்து பார்த்தார் ஏஞ்சலோ. குச்சியின் இரு முனையிலும் கற்களைக் கட்டி, வீட்டிலேயே பார்பெல் செய்தார் என்றும் சொல்வார்கள். இந்தக் கல் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு வரும்.

சிங்கம் எந்த ஜிம்முக்குப் போகிறது?

ஒருநாள் புரூக்ளின் பிராஸ்பெக்ட் பார்க் மிருகக்காட்சி சாலையில், சோம்பல் முறித்த சிங்கத்தைப் பார்த்தாராம். தோலுக்கடியில் தசை ஓடுவது தெரிந்தது. இது எந்தப் பார்பெல்லைத் தூக்கியது என்று யோசித்தார். ஒரு தசையை இன்னொரு தசையோடு மோதவிட்டால் போதுமே என்று தோன்றியது. ஒரு கையால் அழுத்தி, மறு கையால் அதைத் தடுப்பது. இதுதான் அவர் முறையின் பிறப்புக் கதை.

உடம்பு வந்தது. ஒரு கட்டடத்தின் மேல் இருந்த அட்லஸ் சிலையைப் போலவே இவரும் இருக்கிறார் என்று நண்பர்கள் கிண்டலடிக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தோல் பை தைக்கும் வேலை பார்த்தார். கோனி ஐலேண்டில் பலம் காட்டும் வித்தைக்காரராக நின்றார். சிற்பிகளுக்கு மாடலாகப் போனார். நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்தில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்கு மாடலாக நின்றது இவர்தான்.

1921-ம் ஆண்டு, பெர்னார் மெக்ஃபேடன் நடத்திய 'பிசிக்கல் கல்ச்சர்' பத்திரிகையின் அழகுப் போட்டிக்குப் படம் அனுப்பினார். வென்றார். அடுத்த ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கட்டுடல் போட்டியிலும் அவருக்கே பட்டம். இனி தனியாகத் தொழில் தொடங்க வேண்டியதுதானே?

கோர்ஸை எழுதியது யார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. தபால்வழிப் பயிற்சி ஒன்றை அட்லஸ் தொடங்கினார். உடம்பு அவருடையது. ஆனால், பாடங்களை எழுத்தில் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் டில்னி என்ற மருத்துவர். இன்றைய பாஷையில் சொன்னால், முகம் ஒருத்தருடையது, கன்டென்ட் இன்னொருத்தருடையது.

1920-களின் இறுதியில் தொழில் படுத்துவிட்டது. பாடத்தில் குறை என்பதால் அல்ல, விற்கத் தெரியாததால். அப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் ரோமன் என்ற இளைஞரிடம் இந்தப் பொறுப்பு வந்தது. பையன் பயங்கர கில்லாடி. முறைக்கு 'டைனமிக் டென்ஷன்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1929-ல் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

அட்லஸின் மணல் கதையை ரோமன் காமிக்ஸ் விளம்பரமாக மாற்றினார். கடற்கரையில் காதலியோடு ஒரு நோஞ்சான். ஒரு முரடன் வந்து மணலை உதைக்கிறான். வீட்டுக்கு வந்த நோஞ்சான் கோபத்தில் நாற்காலியை உதைத்துவிட்டு, தபால்தலை ஒட்டி கூப்பன் அனுப்புகிறான். அடுத்த கட்டத்தில் உடம்பு ரெடி. அதே கடற்கரை, அதே முரடன், ஒரே குத்து! விளம்பரத்தில் வரும் நோஞ்சானின் எடை 97 பவுண்டு, அதாவது 44 கிலோ. அந்த எண் அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது.

பொருளாதாரப் பெருமந்தம் வந்து லட்சக்கணக்கானோர் வேலை இழந்த காலம் அது. பல தொழில்கள் விழுந்தன. இது வளர்ந்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போன ஆம்பளைக்குத் தன் மேலேயே ஒரு அவமானம் இருந்தது. விளம்பரம் தொட்டது அந்த இடத்தைத்தான். நியூயார்க் கிழக்கு 23-வது தெருவில் இருந்த அலுவலகத்துக்கு மூட்டை மூட்டையாகத் தபால் குவிந்தது. 1938-ல் அட்லஸ் ரயில் இன்ஜின் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக் காட்டினார். படம் பத்திரிகைகளில் வந்தது. அன்றைய வைரல் வீடியோ அதுதான்.

இரும்புக் கோஷ்டியின் எதிர்ப்பு

தொழில் வளர்ந்தால் எதிரி வராமல் இருப்பாரா? பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரிலிருந்து பாப் ஹாஃப்மேன் வந்தார். யார்க் பார்பெல் நிறுவனத்தின் முதலாளி, எடைதூக்கும் வீரர்களை உருவாக்கியவர், 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' பத்திரிகை நடத்தியவர். அட்லஸின் முறை வெறும் உதார் என்று எழுதித் தள்ளினார். அவருடைய வாதம் எளிமையானது. கையோடு கையை அழுத்தி இந்த உடம்பு வந்திருக்கவே முடியாது, அட்லஸ் எடை தூக்கித்தான் வளர்ந்தார் என்றார்.

விவகாரம் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வரைக்கும் போனது. ஆனாலும் இரண்டு கடைகளும் மூடப்படவில்லை. இருவருக்கும் வாடிக்கையாளர்கள் பெருகினார்கள்.

சரி, யார் சொன்னது சரி? ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது.

அட்லஸின் 12 பாடங்களில் கையோடு கை அழுத்துவது மட்டும் இல்லை. இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஆழமாக இறங்கி ஏறும் தண்டால் உண்டு. சாப்பாடு, தூக்கம், மூச்சு, காலை எழுவது என்று தினசரி ஒழுங்கும் உண்டு. தசைக்கு எதிரில் இருப்பது இரும்பா, சொந்தக் கையா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது முயற்சி மட்டும்தான். அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் தினமும் கால் மணி நேரம் மூச்சு வாங்க உழைத்தால், மாற்றம் வந்தே தீரும். அட்லஸ் விற்றது பொய்யில்லை.

ஆனால், ஹாஃப்மேன் பிடித்த பாயின்ட்டும் லேசுப்பட்டதில்லை. சொந்தக் கையின் அழுத்தத்தை எப்படி அளப்பது? நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று தெரியாது. தசை தொடர்ந்து வளர, சுமையும் படிப்படியாக ஏற வேண்டும். பார்பெல்லில் ரெண்டரை கிலோ தட்டு ஒன்றைக் கூட்டினால் கணக்கு கண்ணெதிரே இருக்கும். அதோடு, மூச்சை அடக்கிக்கொண்டு முழு பலத்தில் அழுத்தும்போது ரத்த அழுத்தம் சட்டென ஏறும். பிபி உள்ளவர்கள் மூச்சை விட்டு விட்டுத்தான் செய்ய வேண்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு.

கல் கட்டிய குச்சி ஞாபகம் இருக்கிறதா? போட்டியில் வென்ற உடம்பு, கோர்ஸ் எழுதப்படும் முன்பே வந்துவிட்டது. பல வருஷ உழைப்பு, வித்தைக்காரர் வேலை, கூடவே பிறவியில் வந்த எலும்புக் கட்டு எல்லாம் சேர்ந்து உருவாக்கியது அது. விளம்பரத்தில் அந்த உடம்பு, 12 பாடங்களின் விளைவாக நின்றது. இன்றைக்கும் இதே கதைதான். பத்து வருஷம் ஜிம்மில் கிடந்தவர், ஆறு வார வீட்டுப் பயிற்சியை விற்பார். அவர் உடம்பு நிஜம், பயிற்சியும் நிஜம். ரெண்டுக்கும் நடுவில் உள்ள முடிச்சுதான் சந்தேகத்துக்குரியது. எதிர்க்கோஷ்டியையும் இதே தராசில் வையுங்கள். ஹாஃப்மேன் விற்றது பார்பெல், பின்னாளில் புரோட்டீன் பவுடரும்கூட.

பணம் கட்டும் முன்...

ஆகவே, அடுத்த முறை கட்டைவிரல் நிற்கும்போது, அந்த உடம்பைப் பார்க்காதீர்கள். பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். நாலாவது வாரம், முதல் வாரத்தைவிட எதில் கடினம் என்று அது சொல்கிறதா? கால், முதுகு, மார்பு என முழு உடம்புக்கும் வேலை இருக்கிறதா? மூட்டு வலித்தால் மாற்றுவழி தருகிறதா? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. நடையையும் சேர்த்து அந்தக் கணக்கு நிறைகிறதா? கடைசியாக ஒன்று, அந்த வீடியோ பார்த்ததும் உங்களுக்கு ஆசை வந்ததா, அவமானம் வந்ததா? அவமானம் என்றால், போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் முடிவெடுக்கலாம்.

அட்லஸைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விற்றதை அவர் கடைசிவரை தானும் செய்தார். புகை, மதுவை அண்டவிடவில்லை. 1965-ல் மனைவி மார்கரெட் இறந்த பிறகு தனிமை வாட்டியது. 1970-ல் தன் பங்கை ரோமனுக்கே விற்றுவிட்டார். தொழிலை விட்டாரே தவிர பயிற்சியை விடவில்லை. எண்பது வயதிலும் கடற்கரையில் ஓடினார். 1972 டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தின் லாங் பீச்சில் மாரடைப்பால் காலமானார்.

கூப்பன் அனுப்பிய லட்சக்கணக்கானோரில், 12-வது பாடம் வரை போனவர்கள் எத்தனை பேரோ? அவர்களில் யாருக்கும் அந்த முரடனைத் தேடிக் கடற்கரைக்குப் போகும் அவசியம் வந்திருக்காது. விளம்பரத்தில் வராத பரிசு அதுதான். உங்கள் வீட்டில் இரண்டு உறுதியான நாற்காலிகள் இருக்கும். நாளை காலை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பணம் கட்டுவதை அடுத்த மாதம் யோசிப்போமே!