கணித மேதை சிவசங்கர நாராயண பிள்ளை

மேற்கு மலைத்தொடரின் அடியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையில் அமைந்த சிற்றூர் வல்லம். ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலை கடந்து வீச, அங்கே சாரல் பொழியும், அருவிகள் ஆர்ப்பரிக்கும். வளம் நிறைந்த இவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவரே கணித மேதை சிவசங்கர நாராயண பிள்ளை.

பிறந்த ஓராண்டில் அவர் அன்னையை இழந்தார். தந்தையாரின் ஆதரவில் வளர்ந்து, செங்கோட்டைப் பள்ளியில் பயின்றார். அங்கே சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் மாணவரின் கூர்மதியைக் கண்டு, ஊக்கமும் பொருளும் அளித்து வந்தார். பள்ளியிறுதி ஆண்டில் தந்தையாரும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றுவிடும் நிலை நேர்ந்தது. அப்போதும் அவ்வாசிரியரே கைகொடுத்தார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னையில் பேராசிரியர் ஆனந்தராவின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்து, 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனார்.

பிள்ளையின் உள்ளத்தைக் கவர்ந்தது எண் கோட்பாடு. 12 என்னும் எண் 2, 2, 3 ஆகிய மூன்று பகாக் காரணிகளின் பெருக்கம். அதன் இருபுறமும் உள்ள 11, 13 ஆகியவையோ பகா எண்கள். அடுத்தடுத்த எண்களில் பகாக் காரணிகளின் தொகை இவ்வாறு ஒழுங்கின்றி மாறுகிறது. ஆயினும், எண்களைக் கூட்டமாக நோக்கின் ஒழுங்கு புலப்படும். குறிப்பிட்ட தொகையில் பகாக் காரணிகளை உடைய எண்கள் எவ்வளவுக்கு மேல் இருக்க இயலா என்பதை இராமானுசனும் ஹார்டியும் 1917ஆம் ஆண்டில் வரையறுத்தனர். அவை எவ்வளவுக்குக் குறைய இயலா என்பதை, காரணித் தொகை மிகப் பெரிதாகாத அளவில், 1929ஆம் ஆண்டில் நிறுவியவர் பிள்ளை. மேல் எல்லைக்கு ஏற்ற கீழ் எல்லை இவ்வாறு கிடைத்தது.

1940ஆம் ஆண்டில் எர்டோஷ், காக் என்னும் அறிஞர் இருவர், பகாக் காரணிகளின் தொகை மணி வடிவான இயல்நிலைப் பரவலைத் தழுவும் எனக் காட்டினர். புதிய பகாக் காரணி ஒன்று சேர, எண்ணை வகுக்கும் எண்களின் தொகை இருமடங்காகும். ஆகவே வகுக்கும் எண்களின் தொகை, ஏறத்தாழ மடக்கை இயல்நிலைப் பரவலைத் தழுவுகிறது. அதாவது, தொகையன்று, தொகையின் மடக்கையே மணி வடிவில் அமைகிறது.

இப்பரவலில் சராசரி நம்மை ஏமாற்றும். 1 முதல் 100 வரையுள்ள எண்களுக்கு, வகுக்கும் எண்களின் சராசரி 4.82. ஆனால் அவற்றுள் 62 எண்களுக்கு வகுக்கும் எண்கள் நான்கோ அதற்குக் குறைவோதான். 60, 72, 84, 90, 96 ஆகியவை ஒவ்வொன்றும் பன்னிரண்டு பெற்றுச் சராசரியை உயர்த்திவிடுகின்றன. அருவியில் வெள்ளம் பெருகும் சில நாள்கள் பருவம் முழுமையின் சராசரியை உயர்த்துவது போன்றதே இது.

எவ்வெண்ணையும் ஆறாம் அடுக்கு எண்கள் 73க்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்றும் பிள்ளை 1940ஆம் ஆண்டில் நிறுவினார். வாரிங் கணக்கு எனப்படும் பழம்பெருஞ் சிக்கலின் ஒரு பகுதி இது. பின்னர்த் திருவிதாங்கூர், கல்கத்தாப் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றினார்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம், ஓராண்டு தங்கி ஆராயுமாறு அவரை அழைத்தது. 1950ஆம் ஆண்டு உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள எண்ணிப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் சென்ற விமானம் எகிப்து நாட்டில் கெய்ரோவுக்கு அருகில் வீழ்ந்து நொறுங்கியது. பயணம் செய்த அனைவரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

அவர் நிறுவிய உண்மைகள் அழியவில்லை. பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனுக்கு ஆசிரியர் ஒருவர் காலமறிந்து செய்த உதவி, உலகக் கணிதத்துக்கே உதவியாயிற்று.