மேரி ஆண்டர்ஸன் அம்மையார்

மாரிக்காலத்தில் மோட்டார் வண்டியேறிச் செல்லும் நாம், முன்கண்ணாடியில் ஆடி மழைநீரை வழித்தெறியும் துடைப்பானை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அஃது இடைவழியில் நின்றுவிட்டாலன்றி அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. அதற்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி.

மேரி ஆண்டர்ஸன் அம்மையார் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் கிரீன் என்னும் மாவட்டத்தில் 1866-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1889-இல் அன்னையோடும் உடன்பிறந்தாளோடும் பர்மிங்ஹாம் நகரிற் குடியேறி, ஆங்கு வாடகைக்கு விடும் குடியிருப்பு மாளிகையொன்றைக் கட்டுவித்தனர். பின்னர்ச் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தித் திரும்பினார். எந்திர நூல் பயின்றவரல்லர். ஆயினும் எடுத்த கருமத்தைத் தாமே நின்று முடிக்கும் இயல்பினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்தில், அவர் நியூயார்க் நகரில் டிராம் வண்டியிற் சென்றுகொண்டிருந்தார். பனிமழை கண்ணாடியை மறைத்தது. வழி காணாத வண்டியோட்டி முன் சாளரத்தைத் திறந்துவிட, பனியும் வாடையும் உட்புகுந்து அவனையும் பிரயாணிகளையும் வருத்தின. டிராம் என்றால் இப்படித்தான் என்று ஏனையோர் பொறுத்திருந்தனர். நாமாயின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இறங்குமிடத்தை எதிர்நோக்கியிருப்போம். அம்மையாரோ, சாளரத்தைத் திறவாமலே அதன் புறத்தைத் துடைத்தல் எங்ஙனம் என்று எண்ணலாயினார்.

அவர் வகுத்த கருவி மிக எளியது. வண்டியோட்டியின் கையருகே ஒரு நெம்புகோல். அதனை அசைத்தால் வெளியே ரப்பர் பட்டை பொருத்திய கரமொன்று கண்ணாடியின்மீது ஊசலாடும். எதிர்ப்பாரம் ஒன்று அப்பட்டையைக் கண்ணாடியோடு ஒட்டி அழுத்தும். வெயிற்காலத்தில் கழற்றி வைத்துவிடலாம். 1903-ஆம் ஆண்டு ஜூன் 18-இல் விண்ணப்பித்து, நவம்பர் 10-இல் 743801 என்னும் எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் வேறு சிலரும் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர் என்பதையும் மறைத்தல் முறையன்று.

1905-இல் அவ்வுரிமையை விற்க முயன்றபோது, கனடா நாட்டு நிறுவனமொன்று அதற்கு வாணிக மதிப்பில்லையென மறுத்துவிட்டது. அவர்களை முற்றும் குறை கூறவும் இயலாது. மோட்டார் வண்டிகளே அருகியிருந்த காலம் அது. போர்டு கம்பெனியின் புகழ்பெற்ற டி மாதிரி வெளிவந்ததே 1908-இல்தான். பதினேழாண்டு கழிந்து 1920-இல் உரிமை காலாவதியாயிற்று. ஈராண்டிற்குள், 1922-இல், காடிலாக் கம்பெனி துடைப்பானைத் தன் வண்டிகளின் நிலையான உறுப்பாக்கிற்று! அம்மையாருக்கு ஒரு காசும் கிட்டவில்லை.

கையால் அசைப்பது போய், எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இயங்கும் துடைப்பான்கள் வந்தன. அவற்றிலொரு குறை: பாரமேற்றிய லாரி மேட்டில் ஏறுகையில் விசை குன்றும், துடைப்பான் தளர்ந்து நின்றுவிடும். பழைய லாரிகளைப் பேணுவோர் இன்றும் அதனைக் களைந்து மின்மோட்டார் பொருத்துவது இதனாலேயே. இயக்கும் விசை எத்தனை மாறினும், ஊசலாடும் கரமும் ரப்பர் பட்டையும் மாறிற்றில.

அம்மையார் மணஞ்செய்து கொள்ளவில்லை. தம் குடியிருப்பு மாளிகையின் நிர்வாகத்தை முதுமையிலும் கைவிடாது நடத்தி, 1953-ஆம் ஆண்டு ஜூன் 27-இல், 87-ஆம் வயதில், டென்னஸி மாகாணத்தில் உள்ள தம் கோடை வாசஸ்தலத்தில் உயிர் நீத்தார். பர்மிங்ஹாமில் அவர் சார்ந்திருந்த பிரெஸ்பிட்டேரியன் சபையில் அப்போது அவரே மூத்த அங்கத்தினர். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது 2011-ஆம் ஆண்டில். உரிமை காலாவதியாகித் தொண்ணூற்றோராண்டு சென்றபின்.